நகரசபைக்குத் துண்டு விழுந்தால்



2022ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலைப் பூசை முடிந்து மக்கள் கோயில் முற்றத்திலிருந்து கலைந்துகொண்டிருந்தனர். ஒருவர் மட்டும் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே இருந்தார். பிறந்து வளர்ந்தது நம் கணியூரில்தான். இளம் வயதிலேயே பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்குப் போனவர். பின்பு டெய்லராகி, ஓவர்டைம் பார்த்து, சிறுகச் சிறுகச் சேர்த்து, வேலை செய்யும் நகரத்திலேயே கொஞ்சம் இடம் வாங்கி, ஐந்து அறைகள் கொண்ட ஒரு லைன் வீட்டைக் கட்டி வாடகைக்கு விட்டிருக்கிறார். உழைப்பாளி. பண்டிகைக்கும் துக்கத்துக்கும் ஊருக்கு வரத் தவறாதவர். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நம்மிடம் நீட்டினார். அது சொத்துவரி அறிவிப்பு. அரையாண்டுக்கு 2,400 ரூபாயாக இருந்த வரி 4,200 ரூபாயாகியிருந்தது.

“கட்ட மாட்டேன்னு சொல்லலீங்க சாமி. ஒரே அடியா இத்தன ஏத்துனா நாங்க எங்கீங்க போறது? கேட்டா, துண்டு விழுகுது, என்ன பண்ணறதுங்கறாங்க. எனக்குத் துண்டு விழுந்தா நான் யாரு வூட்டுக் கதவத் தட்டறதுங்க?”

அன்று அவருக்கு ஆறுதலாக ஏதோ சொன்னோமேயன்றி, விடை சொல்லவில்லை. விடை நமக்கும் தெரியவில்லை என்பதே உண்மை. அதன் பின்னர் இந்தப் பொருள் பற்றிக் கிடைத்ததைப் படித்தும், தெரிந்தோரைக் கேட்டும் வந்திருக்கிறோம். நம் குடும்பங்களில் பெரும்பாலானவற்றில் திருப்பூரிலோ கோவையிலோ பிள்ளை ஒன்று வாடகைக்குக் குடியிருக்கிறது, அல்லது வாடகைக்கு விட்டிருக்கிறது. நமது கணியூரும் பேரூராட்சிதான். ஆகவே இம்மாதம் இதைப் பற்றி எழுதுவது முறையென்று எண்ணினோம்.

துண்டு விழுதல் என்றால் என்னவென்று இல்லத்தரசிகளுக்கு நாம் விளக்க வேண்டியதில்லை. மாதக் கடைசியில் அஞ்சறைப்பெட்டிக்குள் கைவிட்டு ஏமாந்தவர்களுக்கு அது நன்கு தெரியும். நகரசபையின் குடும்பக் கணக்கும் அப்படிப்பட்டதே. துப்புரவுத் தொழிலாளர் ஊதியம், ஓய்வு பெற்றோர் தொகை, தெருவிளக்குக்கு மின்வாரியத்துக்குச் செலுத்துவது, குடிநீருக்குக் குடிநீர் வடிகால் வாரியத்துக்குச் செலுத்துவது, குப்பை, சாக்கடை, சாலை, பழைய கடன்களின் வட்டி இவையெல்லாம் செலவு. வரவோ, சொத்துவரி, தொழில்வரி, குடிநீர்க் கட்டணம், கடை வாடகை ஆகியவற்றோடு அரசு தரும் பங்கு. செலவு ஆண்டுக்கு ஆண்டு தானே ஏறுகிறது. வரவை ஒருவர் ஏற்றினாலன்றி அது ஏறுவதில்லை.

இங்கேதான் நோய் தொடங்கியது. தமிழகத்தில் சென்னைக்கு வெளியேயுள்ள நகரங்களிலும் பேரூர்களிலும் 2008ஆம் ஆண்டுக்குப் பின் சொத்துவரி சீரமைக்கப்படவில்லை. சென்னையில் 1998க்குப் பின் இல்லை. 2018இல் ஒருமுறை உயர்த்தினர். மக்கள் முணுமுணுக்கவே, 2019 நவம்பரில் அதை நிறுத்தி வைத்துவிட்டனர். தேர்தல் நெருங்கும்போது வரியை ஏற்ற யாருக்கும் துணிவு வருவதில்லை. எந்தக் கட்சி ஆண்டாலும் இதுதான் கதை. தொழில்வரியின் கதை இன்னும் வேடிக்கையானது. ஒருவரிடம் ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது என்று 1988இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி வைத்த வரம்பு இன்றளவும் அசையாமல் நிற்கிறது. 1988இல் ஒரு படி அரிசி என்ன விலை விற்றது என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

பதினான்கு ஆண்டுகள் ஏற்றாமல் இருந்துவிட்டு, 2022 ஏப்ரலில் ஒரே நாளில் ஏற்றினார்கள். அப்போது இருந்த 21 மாநகராட்சிகள், 138 நகராட்சிகள், 490 பேரூராட்சிகள் அனைத்துக்கும் அந்த ஆணை பொருந்தியது. சென்னைக்கு வெளியே 600 சதுர அடி வரையிலான வீட்டுக்கு 25 விழுக்காடு, 1,200 வரை 50, 1,800 வரை 75, அதற்கு மேற்பட்டால் 100 விழுக்காடு. வணிகக் கட்டடங்களுக்கும் 100, தொழிற்சாலைகளுக்கும் பள்ளிகளுக்கும் 75. அரசு சொன்ன காரணங்களில் ஒன்று டெல்லியிலிருந்து வந்தது. நகரங்களுக்கு மானியம் வேண்டுமாயின் சொத்துவரிக்கு அடிப்படை விகிதத்தை அறிவிக்க வேண்டும், மாநிலத்தின் உற்பத்தி வளர்வதற்கு ஏற்ப வரி வசூலும் வளர வேண்டும் என்று பதினைந்தாவது நிதிக்குழு நிபந்தனை விதித்திருந்தது. 2024இல் அதன்மேல் ஆண்டுக்கு 6 விழுக்காடு என்ற ஏற்றமும் வந்து சேர்ந்தது.

சிறு வீட்டுக்குக் குறைவாகவும் பெரிய வீட்டுக்கு அதிகமாகவும் வைத்தது நியாயமே என்று நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பதினான்கு ஆண்டுக் கடனை ஒரு பொழுதில் கேட்டது நியாயமன்று. ஆண்டுதோறும் சிறிது சிறிதாக ஏற்றியிருந்தால் எம் அன்பர் வேப்பமரத்தடியில் நின்றிருக்கமாட்டார். அதைத் தவறவிட்டது வரி கட்டுவோர் அல்லர்.

மக்கள் என்ன செய்தனர்? 2024 டிசம்பரில் திருப்பூரில் வணிகர்கள் கடைகளை அடைத்தனர். சொத்துவரி உயர்வோடு வேறொரு சுமையும் அப்போது அவர்கள் தலையில் ஏறியிருந்தது. பதிவு பெறாத கட்டட உரிமையாளரிடம் கடை எடுத்திருக்கும் பதிவு பெற்ற வணிகர், வாடகைக்கு 18 விழுக்காடு சரக்கு சேவை வரியைத் தாமே செலுத்த வேண்டுமென்ற விதி 2024 அக்டோபர் 10ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. கடைக்காரருக்கு வரியை மாநகராட்சி விதித்ததா, மாநில அரசு விதித்ததா, மத்திய அரசு விதித்ததா என்று பிரித்துப் பார்க்க நேரமில்லை. கல்லாப்பெட்டி ஒன்றுதானே! திருப்பூர்ப் பின்னலாடை ஏற்றுமதி ஆண்டுக்கு ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டதாகச் செய்தித்தாளில் படிக்கும் வெளியூரார், இத்தனை செல்வம் கொழிக்கும் ஊரில் வரிக்காகக் கடையடைப்பா என்று வியக்கக்கூடும். அந்தப் பணம் ஊர் வழியாகப் போகிறது, ஊரிலேயே தங்குவதில்லை. 2025 ஆகஸ்டு இறுதியில் அமெரிக்கா 50 விழுக்காடு சுங்கவரி விதித்தபோது, ஆர்டர் நின்ற கம்பெனிகளில் வேலை நாட்கள் குறைந்ததை நம் வீட்டுப் பிள்ளைகளே அனுபவித்தனர்.

கடையடைப்பைக் குறைகூற நமக்கு மனம் வரவில்லை. பேச வேறு இடம் இல்லையென்று எண்ணும் மனிதன் கதவை அடைத்துத்தான் பேசுவான். அதுவும் நம் நாட்டில் இது நேற்று வந்த பழக்கமன்று. இதற்கு முந்நூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டென்று அறிந்தபோது நாமே வியந்தோம். அதைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள்.

கும்பினியார் சென்னையில் கோட்டை கட்டி வாழ்ந்த காலம். கோட்டைக்கு வெளியே நம் மக்கள் வாழ்ந்த பகுதிக்குக் கறுப்பர் நகரம் என்று பெயர் வைத்திருந்தார்கள். தெருவைத் துப்புரவு செய்யவும் அந்நகரைச் சுற்றி மதில் எழுப்பவும் பணம் வேண்டியிருந்தது. செலவைக் கும்பினி ஏற்க விரும்பவில்லை. லண்டனில் இருந்த முதலாளிகள், காவல் உங்களுக்குத்தானே, நீங்களே கொடுங்கள் என்றனர். வீடுதோறும் வரி என்று அறிவிப்பு வந்தது. 1686இல் மக்கள் திரண்டு மறுத்தனர். கடைகள் அடைபட்டன, சரக்கு வரத்து நின்றது. ஆளுநர் வில்லியம் கிஃபர்டு, கட்டாதவர் வீட்டை இடிப்போம், ஊரைவிட்டுத் துரத்துவோம் என்று மிரட்டினார். மிரட்டி வாங்கிய வரி எத்தனை நாளைக்கு வரும்?

லண்டனில் இருந்த சர் ஜோசையா சைல்டு என்ற கும்பினித் தலைவருக்கு அப்போது ஓர் எண்ணம் உதித்தது. அயலான் கேட்டால் மக்கள் ஒரு காசும் கொடுக்கமாட்டார்கள். தம்மவர் அமர்ந்திருக்கும் ஒரு சபை கேட்டால், அதுவும் தங்கள் ஊருக்கே செலவாகும் என்று தெரிந்தால், அதைவிடப் பன்மடங்கு மனமுவந்து கொடுப்பார்கள் என்பது அவர் கணிப்பு. அவ்வாறே சென்னை மாநகராட்சி 1688ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள், அதிதூதரான அர்ச். மிக்கேல் திருநாளன்று, தொடக்கம் பெற்றது. நத்தானியேல் ஹிக்கின்சன் முதல் மேயர். மன்றத்தில் ஆங்கிலேயரோடு போர்த்துக்கீசியரும் யூதரும் இந்துக்களும் இடம் பெற்றனர். இந்தியாவின் முதல் மாநகராட்சி இப்படி வரி வசூலுக்கு வழிதேடிப் பிறந்த குழந்தை! வரலாற்றுப் பாடத்தில் இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை.

சைல்டின் கணிப்பு பலித்ததா? இல்லை. மேயர் கேட்டபோதும் மக்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டனர். நினைத்த அளவுக்கு வரி திரளவில்லை. பிறந்த சில ஆண்டுகளிலேயே சபை பணமின்றித் தவித்தது. நம்மவர் கஞ்சத்தனத்தால் கொடுக்கவில்லை என்று ஆங்கிலேயர் எழுதி வைத்தனர். நாம் அப்படி எண்ணவில்லை. தம்மவர் சிலரை நாற்காலியில் அமர்த்தினார்களே ஒழிய, அவர்களைத் தேர்ந்தெடுத்தது மக்களன்று. மறுபடியும் கோட்டைக்குள் இருப்பவரே தீர்மானித்தனர். சைல்டு பாதி உண்மையைக் கண்டார். பணம் கொடுப்பவனுக்குக் கணக்குக் கேட்கும் உரிமை வேண்டும் என்ற மறு பாதியைக் காணவில்லை.

அந்தப் பாதியில்தான் நாமும் இன்றும் நிற்கிறோம். வாக்குரிமை இருக்கிறது, 1992இல் நிறைவேறிய 74ஆம் அரசியல் சட்டத் திருத்தம் நகர சபைகளுக்கு அரசியல் சட்டத்திலேயே இடம் தந்தது, மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் பத்தில் ஒரு பங்கு உள்ளாட்சிகளுக்கு என்ற ஏற்பாடும் உண்டு. ஆனால் நம் பேரூராட்சியின் சென்ற ஆண்டு வரவு எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கேட்டால் எத்தனை பேர் சொல்லுவோம்? இதை எழுதுகின்ற நமக்கே 2022 வரை தெரியாது. பங்குப் பேரவையில் மெழுகுவர்த்திச் செலவுக்குக் கணக்குக் கேட்கும் அன்பர்கள், ஊர்ச் சாக்கடைக்குக் கணக்குக் கேட்பதில்லை.

வேறொன்றையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பொது வழிபாட்டுக்குரிய கட்டடங்களுக்குச் சட்டப்படி சொத்துவரி விலக்கு உண்டு. எம் கோயிலுக்கும் உண்டு; பக்கத்தில் உள்ள கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் உண்டு. திருவிழாவன்று தேர் போகும் தெருவைக் கூட்டுகிறவர் நகரசபைத் தொழிலாளிதான். தேர் போனபின் கிடக்கும் காகிதத்தை அள்ளுகிறவரும் அவரே. வரி கட்டாத வீட்டிலிருந்து வரியைப் பற்றி எழுதுவது சற்றுக் கூசுகிறது. ஆயினும் அந்தக் கூச்சத்துக்காக எழுதாமல் விட முடியவில்லை. வரி வசூலிக்கும் சாவடியிலிருந்து அழைக்கப்பட்ட அர்ச். மத்தேயு நமக்காக வேண்டிக்கொள்வாராக.

இனி, வரியை ஏற்றாமலே துண்டு விழட்டும் என்று விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று பார்ப்போம். பற்றாக்குறை காற்றில் கரைந்துவிடுவதில்லை. வரியாக ஒரு வாசலில் வராததை வேறு ஒருவர் வேறு ஒரு வாசலில் கட்டுகிறார். அந்த வேறொருவர் பெரும்பாலும் நம்மைவிட எளியவராக இருக்கிறார்.

குப்பையை எடுத்துக்கொள்ளுங்கள். 60 வார்டுகள் கொண்ட திருப்பூர் மாநகரத்தின் குப்பையை முறையாகப் பிரித்து மக்கச் செய்யப் பணமும் இடமும் திட்டமும் வேண்டும். அவை வாய்க்காதபோது, கல் வெட்டி எடுத்துக் கைவிடப்பட்ட பாறைக்குழிகளில் அது கொட்டப்பட்டது. 2025இல் முதலிபாளையம், இடுவாய் முதலிய ஊர் மக்கள் தெருவுக்கு வந்து போராடியது அதனால்தான். நகரத்துக்காரர் கட்டாத செலவை அக்கிராமத்தார் தங்கள் கிணற்று நீரிலும் மூக்கிலும் கட்டினர்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். 1995இல் புதிய திருப்பூர் பகுதி மேம்பாட்டுக் கழகம் என்ற நிறுவனம் அமைந்தது. அரசும் தனியாரும் கூட்டாக நடத்தும் குடிநீர்த் திட்டங்களில் இந்தியாவிலேயே முன்னோடி என்று அதைப் புகழ்ந்தனர். பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் நீரைக் குழாய் வழியாகக் கொண்டுவரும் திட்டம் அது; 2005, 2006 வாக்கில் நீர் வரத் தொடங்கியது. சாய ஆலைகள் அதிகக் கட்டணம் கொடுக்கும், அந்தப் பலத்தில் வீடுகளுக்குக் குறைந்த விலையில் கொடுக்கலாம் என்பது கணக்கு. கேட்க இனிய கணக்குத்தான். ஆனால் அந்த ஆலைகளின் சாயக் கழிவு நொய்யலைப் பாழாக்கி, ஒரத்துப்பாளையம் அணையை நச்சுக் குளமாக்கியிருந்தது. 2011 ஜனவரியில் சாய ஆலைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தண்ணீர் வாங்குவோர் குறைந்தனர். ஏற்கெனவே கடனில் தள்ளாடிய திட்டத்தின் கணக்கு மேலும் குலைந்தது. ஆற்றுக்குச் செய்த தீங்கின் விலையை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதாமல் விட்டதால், அது பிறகு எல்லாக் கணக்குப் புத்தகங்களிலும் வந்து நின்றது.

கூலியை எடுத்துக்கொள்ளுங்கள். நகரசபைகள் கைச்செலவைக் குறைக்க நினைக்கும்போது துப்புரவுப் பணியை ஒப்பந்தக்காரரிடம் விடுகின்றன. 2025 ஆகஸ்டில் சென்னையில் இரண்டு மண்டலங்களின் துப்புரவுப் பணி தனியாரிடம் போனபோது, தொழிலாளர் பலர், பெரும்பாலும் பெண்கள், ரிப்பன் கட்டடத்தின் முன் இரவும் பகலுமாக அமர்ந்திருந்தனர். தங்கள் மாத ஊதியம் குறைந்துவிடும் என்பது அவர்களுடைய அச்சம். 13ஆம் நாள் நள்ளிரவில் காவலர் அவர்களை அப்புறப்படுத்தினர். பெருநகரத்தின் வரவு செலவில் விழுந்த துண்டு கடைசியில் துடைப்பம் பிடித்த கையில் போய் விழும் விதம் இதுதான்.

இது ஏழை நாட்டுக்கே உரிய இழிவு என்று எண்ணிவிட வேண்டாம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் மாநகர் 2023 செப்டம்பரில், அவசியச் செலவுகள் தவிர மற்றவை செய்யப் பணமில்லை என்று சட்டப்படி அறிவித்துவிட்டது. அடுத்த ஆண்டு வரி ஏறத்தாழ 10 விழுக்காடு ஏறியது. அதற்கடுத்த ஆண்டு 7.5 விழுக்காடு. நூலகமும் இளைஞர் பணியும் வெட்டுப்பட்டன. 2025 மார்ச்சில் குப்பை அள்ளுவோர் முழு வேலைநிறுத்தம் செய்யவே, அந்தச் செல்வ நாட்டுத் தெருக்களில் எலிகள் ஓடின.

அப்படியானால் குடிமக்கள் செய்யக்கூடியது யாது? வாயை மூடிக்கொண்டு கட்டுங்கள் என்று நாம் சொல்லப் போவதில்லை. அப்படிச் சொல்லும் சாமியார்களை நமக்கே பிடிப்பதில்லை.

முதலில், கணக்கு. பதினைந்தாவது நிதிக்குழு, வரியை ஏற்றச் சொன்ன அதே மூச்சில், தணிக்கை செய்த கணக்குகளைப் பொதுமக்கள் பார்வைக்கு வெளியிட வேண்டும் என்றும் நிபந்தனை விதித்தது. முதல் நிபந்தனை நம் வீட்டுக் கதவைத் தட்டி வந்தது. இரண்டாவதை நாம்தான் போய்த் தட்ட வேண்டும். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் இருக்கிறது. கேட்க வேண்டியது பெரிய கேள்விகளல்ல. நம் ஊரில் சொத்துவரி பாக்கி மொத்தம் எவ்வளவு? அதில் பெரும்பாக்கி வைத்திருப்போர் வீட்டுக்காரர்களா, பெருங்கட்டடக்காரர்களா? கட்டடம் பெரிதாகியும் பழைய அளவிலேயே வரி கட்டுவோர் எத்தனை பேர்? மாடி மேல் மாடி எழும்பிய பின்னும் ஓட்டு வீட்டுக்குரிய வரியே கட்டிக்கொண்டிருப்பவர் ஒவ்வோர் ஊரிலும் உண்டு. அவர்கள் கட்டாத பங்கைத்தான் 600 சதுர அடிக்காரர் 25 விழுக்காடு ஏற்றமாகக் கட்டுகிறார். இதைக் கேட்க ஒருவர் போனால் பகை. ஐம்பது பேர் சேர்ந்து போனால் ஊர் வழக்கம்.

அடுத்து, பேசுமிடம். 2022 நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சி நாளன்று, தமிழகத்து நகரங்களில் முதன்முறையாகப் பகுதி சபைகள் கூடின. முதலமைச்சரே தாம்பரம் மாநகராட்சியின் பம்மலில் ஒன்றில் கலந்துகொண்டார். கிராமத்துக்குக் கிராமசபை போல நகரத்துக்கு இது. சட்டம் நல்லது. கூட்டம்தான் சேர்வதில்லை, சேர்ந்தாலும் தெருவிளக்கு எரியவில்லை என்று சொல்லிக் கையொப்பமிட்டுவிட்டு வருகிறோம். விளக்குக்கு எவ்வளவு ஒதுக்கினீர்கள், அது எங்கே போயிற்று என்று அங்கேதான் கேட்க வேண்டும். ஞாயிறு பூசைக்குப் பின் கால்மணி நேரம் அதைப் பற்றிப் பேசினால் பரலோகத்தில் யாரும் கோபித்துக்கொள்ளமாட்டார்கள்.

நமக்கு நாமே திட்டத்தைப் பற்றியும் சிலர் எழுதிக் கேட்டிருக்கிறார்கள். 1997இல் தொடங்கப்பட்டு 2021இல் மீண்டும் உயிர் பெற்ற திட்டம் அது. பொதுமக்கள் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு கொடுத்தால் மீதியை அரசு போட்டு, பூங்காவோ பள்ளிக் கட்டடமோ சாலையோ அமைத்துத் தரும். நீர்நிலை சீரமைப்புக்கு மக்கள் பங்கு பாதி. ஊர் கூடித் தேர் இழுப்பது நல்ல வழக்கம். நாம் அதை வாழ்த்துகிறோம். ஆயினும் ஓர் ஐயம் உண்டு. மூன்றில் ஒரு பங்கு கொடுக்க வசதியுள்ள தெரு எது? பங்களாக்கள் உள்ள தெரு. சாக்கடை நிரம்பி வழியும் தெருவில் மூன்றில் ஒரு பங்குக்கு எங்கே போவது? நன்கொடை வரிக்கு ஈடாகாது. வரி, கொடுக்கிறவன் தெருவைப் பார்க்காமல் தேவையுள்ள தெருவுக்குப் போகக்கூடியது. அதுதான் வரியின் மேன்மை. அப்படிப் போகிறதா என்று பார்ப்பது நம் வேலை.

வீட்டுக்காரர்களுக்கு இடையில் ஒரு சிறு செய்தி. அரையாண்டு தொடங்கி முப்பது நாட்களுக்குள், அதாவது ஏப்ரலிலும் அக்டோபரிலும், கட்டிவிடுவோருக்கு 5 விழுக்காடு ஊக்கத்தொகை உண்டு. தாமதித்தால் மாதம் 1 விழுக்காடு தண்டம். வரியை எதிர்த்து மனுக் கொடுப்பவரும் இதை நினைவில் வைப்பது நலம்.

இத்தனையும் வீடு உள்ளவருக்குச் சொன்னோம். வீடில்லாதவரைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கடையடைப்பில் அவர் இல்லை. அடைக்க அவருக்குக் கடையில்லை. பகுதி சபையில் அவர் இல்லை. பலருக்கு அந்த நகரத்து வாக்காளர் பட்டியலிலேயே பெயரில்லை. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பிள்ளைகளும், மதுரைப் பக்கமிருந்தும் நம் கணியூரிலிருந்தும் போன பிள்ளைகளும் பத்துக்குப் பத்து அறையில் நான்கு பேராகக் குடியிருந்துகொண்டு, மாதந்தோறும் வாடகைக்குள் மறைந்திருக்கும் சொத்துவரியைத் தவறாமல் கட்டுகிறார்கள். அவர்கள் பெயரில் ரசீது மட்டும் வருவதில்லை.

மீண்டும் அந்த வேப்பமரத்தடிக்கு வருவோம். எம் அன்பர் குறையெல்லாம் சொல்லி முடித்தபின், பேச்சோடு பேச்சாக, “நானும் வேற வழியில்லாம ரூமுக்கு எரநூறு ஏத்திப்போட்டேனுங்க சாமி” என்றார். அந்த ஐந்து அறைகளில் ஒன்றில் எம் பங்கிலிருந்தே போன இளந்தம்பதியர் குடியிருந்தனர். அந்தப் பெண்ணின் தாயார் அன்று காலைப் பூசையில் முன்வரிசையில் அமர்ந்திருந்தார். இவருக்கு அது தெரியும், நமக்கும் தெரியும்.

நாம் அவரிடமிருந்து பேனாவை வாங்கி, அந்த அறிவிப்பின் பின்புறத்திலேயே எழுதினோம். அரையாண்டுக்கு ஏறியது 1,800. ஆறு மாதத்துக்கு வகுத்தால் மாதம் 300. ஐந்து அறைகளுக்கு வகுத்தால் அறைக்கு 60. அறைக்கு இருநூறு வீதம் அவர் கூடுதலாக வாங்குவது மாதம் 1,000. நகரசபை அவரிடம் கேட்டது 300.

காகிதத்தைச் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். சினம் கொள்வார் என்று எதிர்பார்த்தோம், கொள்ளவில்லை. “இப்படிக் கணக்குப் போட்டுப் பாக்கலீங்க. எல்லாரும் எரநூறு ஏத்துனாங்க, நானும் ஏத்துனேன்” என்றார். பிறகு காகிதத்தை முன்போலவே நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, யோசிப்பதாகச் சொல்லிப் போய்விட்டார். அதற்குமேல் அவரை நெருக்க நமக்கு உரிமையில்லை என்று எண்ணினோம்.

இரண்டு மாதம் கழித்து, கிறிஸ்து பிறப்புத் திருநாளுக்கு ஊர் வந்திருந்தபோது அவருடைய மனைவி நம்மைத் தேடி வந்தார். தை மாதத்திலிருந்து அறைக்கு நூறு ரூபாய் குறைப்பதென்று முடிவு செய்திருக்கிறார்களாம்.

“அறுவதுன்னுதானே அம்மணி கணக்கு வந்துச்சு, மீதி நாப்பது எதுக்காம்?” என்று கேட்டோம்.

“அது தண்ணி மோட்டாரு கரண்டு பில்லுக்குங்களாம் சாமி” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே போனார்.